மதிலோரத்துச் சிவப்புக் கொடி

காக்களூர்,
வைகாசி 12, திங்கட்கிழமை.

அன்பு மகன் தணிகைவேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா சுகம், கும்மிடிப்பூண்டியில் உன் தங்கை ஹேமாவதியும் மாப்பிள்ளையும் சுகம். ஜெர்மனியில் நீயும் மருமகள் கல்பனாவும் குழந்தை தேவதர்ஷினியும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருத்தணி முருகனை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விடுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாரா வாரம் போனில் பேசுகிற கிழவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய், அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். எனக்கும் கோபம் வந்தால் வாய் குழறும், பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினதைப் போட்டோ பிடித்து அனுப்பேன்பா, ஒரு நிமிஷத்துல போய்ச் சேரும் என்றாள் ஹேமா. வேண்டாம் என்றுவிட்டேன். போட்டோவாக வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போவாய், காகிதமாக வந்தால் கையில் பிடித்துத்தானே ஆகவேண்டும். நாளைக்கு நானே திருவள்ளூருக்குப் போய்ப் பெரிய தபால் ஆபீசில் சேர்த்துவிடுவேன்.

கத்திரி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பின்மதிலுக்கு அந்தப் புறம் இருக்கிற கம்பெனிக்காரன் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறான், மத்தியானம் ஆனால் அந்த அனல் அப்படியே நம் கொல்லையில் இறங்குகிறது, மதில் சுவரில் கை வைக்க முடியவில்லை. தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துபோய்ப் போன வாரம் சுற்றிக்கொண்டு வந்தோம். ஹேமாவுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடுகிறதாம், அந்தப் பெண் என்ன சாப்பிடுகிறாளோ தெரியவில்லை, நீ போன் பண்ணினால் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லு, என் பேச்சைக் கேட்பதில்லை. அம்மாவுக்கு முட்டி வலி வருகிறது போகிறது. உன் கல்பனா அனுப்பின தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாள், எரியுது எரியுது என்று திட்டிக்கொண்டேதான் தேய்த்துக்கொள்கிறாள். ஆவக்காய் போட்டு இரண்டு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொல்லையில் நீ போட்டுவிட்டுப் போன ரயிலைப் பற்றித்தான். தெரிந்த கதைதானே என்று தாண்டிப் படிக்காதே. நீ அங்கே உன் கூட்டாளிகளுக்குச் சொல்கிற கதை ஒன்று, இங்கே நடந்தது ஒன்று, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மார்கழிக் கடைசியில் பொங்கல் லீவுக்கு வந்தாயே, இரண்டு பெட்டி. பெரிய பெட்டியைத் திறக்கும்போது உன் அம்மா எனக்கு ஏதோ புடவை கொண்டுவந்துகீறான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பார்த்தால் பித்தளைத் தண்டவாளம், அதற்கு அடியில் குறுக்கே போட மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்புக் கட்டை, ஸ்க்ரூ, சிவப்பு இன்ஜின், இரண்டு ரயில் பெட்டி, பாக்கெட் பாக்கெட்டாக ஜல்லி. ஜெர்மனியிலிருந்து ஜல்லி! இந்த ஜில்லாவில் விடிந்தால் லாரி லாரியாக ஜல்லி போகிறது, நீ ஆகாய விமானத்தில் கல்லைச் சுமந்துகொண்டு வந்தாய். அங்கே உன் பொம்மை ரயில் சங்கத்தில் எல்லோருக்கும் தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் குட்டி ரயில் இருக்கிறது, மூன்றாம் மாடியில் குடியிருக்கிற உனக்கு மட்டும் இல்லை, அதனால் அப்பன் கொல்லையில் போட்டு வீடியோவில் காட்டலாம் என்று யோசனை. அம்மாவின் கீரைப்பாத்தி போனது, துணி துவைக்கிற கல் நகர்ந்தது. எலுமிச்சையைச் சுற்றி, முருங்கையைத் தாண்டி, மதிலோரமாக ஓடி, துவைக்கிற தண்ணீர் போகிற கால்வாய் மேல் ஒரு குட்டிப் பாலம் ஏறி, மறுபடி எலுமிச்சை.

பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்துநான்கு வருஷம் ரயில்வேயில் கேங்மேன் வேலை பார்த்தேன், நாளெல்லாம் வெயிலில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன், ஒரு நாள்கூட நீ என்னைப் பார்த்து அங்கே என்னப்பா செய்வாய் என்று கேட்டதில்லை. இப்போது என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து தண்டவாளத்தைக் கையில் எடுக்கிறான் என் பிள்ளை, இன்றைக்குக் கேட்பான் என்று நினைத்தேன். நீ போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் போட்டாய். விடியற்காலைப் பனியில் கை விறைக்க விறைக்க நீ ஒன்றோடு ஒன்று முட்டுகிற மாதிரி தண்டவாளத்தை இறுக்கி ஸ்க்ரூ போட்டபோது நான் சொன்னேன், நைனா, ஒரு தீக்குச்சி நுழையற சந்து உடு, கோடையில நீளும் என்று. அதெல்லாம் பெரிய லைனுக்குப்பா, இது பொம்மை என்றாய். மதிலோரம் ஒரு முனையில் ஸ்டேஷன் மேடை, மறுமுனையில் பாலம், இரண்டிலும் சிமெண்ட் வைத்துப் பிடித்தாய். போதாததற்கு ஜல்லியைக் கொட்டி அதன் மேல் வெள்ளைப் பசையைக் கரைத்து ஊற்றினாய், வீடியோவில் அப்படித்தான் ஊற்றினார்களாம். சரி, அவன் ஆசைக்குப் போடட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நீ போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டது யார். காலையில் காபி குடித்ததும் ஒரு சுற்று சுற்றி வருவேன், இலை பொறுக்குவேன், எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பங்குனியில் ஒரு மழை அடித்ததே, அதில் முருங்கை மரத்தண்டை மண் இறங்கிக் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக் கோழியும் வந்து கிளறிவிட்டுப் போயிருந்தது. உன் ஜெர்மனிக் கல் தீர்ந்துபோனது. ரோடு போடுகிறவர்களிடம் ஒரு பை சிப்ஸ் கல் கேட்டு வாங்கி வந்து வீட்டுச் சல்லடையில் சலித்தேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். ரவ சலிக்கிற சல்லடையில கல்ல சலிச்சுக்கினு கீறியே, இன்னா உனுக்குப் பைத்தியமா, ரிட்டேர் ஆனப்புறம் இந்தப் பேஜாரு தேவையா என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். நான் பாட்டுக்குச் செய்தேன். பெரிய லைனில் ஜல்லி அடைக்க எங்களுக்குப் பீட்டர் என்று ஒரு ஆயுதம், ஆள் மார்பு உயரம் இருக்கும், அதன் தட்டை முனையால் கட்டைக்கு அடியில் கல்லை இடித்து ஏற்றுவோம். உன் பொம்மைக்கு ஏற்ற மாதிரி ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தட்டித் தட்டையாக்கிக் குட்டிப் பீட்டர் செய்துகொண்டேன். அறுபத்தாறு வயசில் மண்டி போட்டுக் கட்டை கட்டையாக அடைத்தேன். ஜல்லி என்றால் பார்வைக்குக் கொட்டி வைப்பது என்று உன் வீடியோக்காரர்கள் நினைக்கிறார்களோ என்னவோ. கட்டையை அசையாமல் பிடிப்பதும் அதுதான், மழைத் தண்ணீரைக் கீழே விடுவதும் அதுதான், பசையை ஊற்றினால் இரண்டும் நடக்காது. நான் கை வைத்தது அந்த முருங்கை மரத்தண்டை பதினைந்து கட்டை, அவ்வளவுதான். மதிலோரத்தை நான் தொடவே இல்லை, அங்கே உன் பசை அப்படியே இருந்தது.

சித்திரை பிறந்ததும் மதிலோரத்தில் தண்டவாளம் லேசாக நெளிய ஆரம்பித்தது, காலையில் நேராக இருக்கும், மத்தியானம் பார்த்தால் வயிறு தள்ளி நிற்கும். போன் பண்ணிச் சொன்னேன். இரண்டு இடத்தில் அறுத்துச் சந்து விடட்டுமா என்று கேட்டேன். அய்யோ அது விலை ஜாஸ்தி, கை வெக்காதே என்றாய், கை வைக்கவில்லை. பிறகு கத்திரி பிறக்கிற ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகளுக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்று சொன்னாய். உங்களுக்குக் காலை பதினொன்று, எங்களுக்கு மத்தியானம் இரண்டரை. காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளேன், தண்டவாளம் குளிர்ந்திருக்கும் என்றேன். அப்ப இங்க எல்லாரும் தூங்குவாங்கப்பா என்றாய். கோடையில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் லைன் வளைகிறதா என்று பார்க்கவே எங்களை நடக்க விடுவார்கள், உனக்கு அது எப்படித் தெரியும், நான் சொன்னதில்லை, நீ கேட்டதுமில்லை.

அன்றைக்கு உன் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு, போனைப் பிடித்துக்கொண்டு வண்டி பின்னாலேயே நடந்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஒன்பது பேர். பேட்டரி இன்ஜினைக் கிளப்பிவிட்டுச் சலவைச் சட்டையோடு ஓரமாக நின்றேன். முதல் இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது, மதிலோரம் வரும்போது மட்டும் நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். முருங்கை மரத்தண்டை அம்மா போனைத் தாழ்த்திக் காட்டினபோது நரைத்த தலை அம்மாள் ஒருத்தி ஜல்லியைக் காட்டி என்னவோ கேட்டாள். நீ பதில் சொன்னாய். ஃபாதர், ரயில்வே, இன்ஜினியர் என்று மூன்று வார்த்தை என் காதில் விழுந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் இன்ஜினியர் வர்றாரு என்றால் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றவன்டா நான், அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். மதில்தான் இருந்தது. ஒன்பது பேரும் கை தட்டினார்கள், நானும் கும்பிட்டுத் தொலைத்தேன்.

கும்பிட்ட கையை இறக்கவில்லை, இன்ஜின் மதிலோரம் வந்து நெளிந்த இடத்தில் முன்சக்கரம் ஏறிக் குப்புற விழுந்தது, இரண்டு பெட்டியும் கூடவே உருண்டன. உன் அம்மா அய்யய்யோ முருகா என்று போனோடு உட்கார்ந்துவிட்டாள், உன் கூட்டாளிகள் கொஞ்ச நேரம் காக்களூர் ஆகாயத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நீ முதலில் அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாய், அதிலும் ஃபாதர் வந்தது. அப்புறம் தமிழில் என் பக்கம் திரும்பினாய். நீ சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. இன்னாப்பா பண்ணி வெச்சுக்கீற, ஜல்லியில கை வெக்காதேன்னு எத்தினி தபா சொல்றது, உனுக்குத் தெரியாத வேலைய ஏன் செய்யற என்றாய். ஜெர்மனி போய்ப் பத்து வருஷம் ஆகியும் கோபம் வந்தால் உனக்கு நம் ஊர்ப் பேச்சுதான் வருகிறது, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்தது.

எனக்குத் தெரியாத வேலை. ஜல்லி அடைப்பது எனக்குத் தெரியாத வேலை. இருபத்தாறு வயசிலிருந்து அறுபது வயசு வரை அதைச் செய்துதான் உன்னைப் படிக்க வைத்தேன், அந்தச் சோறுதான் நீயும் உன் தங்கையும் தின்றீர்கள். வண்டி ஓடும்போது நான் இன்ஜினியர், கவிழ்ந்ததும் ஒன்றும் தெரியாதவன். இரண்டும் இல்லைடா நான். நடுவில் ஒரு பேர் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை. முருங்கை மரம் அங்கே, வண்டி விழுந்தது இங்கே, நடுவில் முப்பது அடி என்று சொல்லியிருக்கலாம், ஒன்பது பேர் முன்னால் உன்னை எதற்கு அவமானப்படுத்த வேண்டும் என்று குனிந்து வண்டியைப் பொறுக்கினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கடம்பத்தூரிலிருந்து துளசிராமன் வந்தான். என் கேங்கில் கீமேனாக இருந்தவன், தினம் காலையில் சுத்தியலோடு லைன் முழுக்க நடந்து பார்த்தவன், உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயசில் உனக்கு ஈச்சம்பழம் கொண்டுவருவானே. மோர் குடித்துவிட்டுக் கொல்லைக்கு வந்தான், ஒரு நிமிஷம் குந்தினான், எழுந்தான். நைனா, இது பனியில பூட்டினது, வெயில்ல பிதுங்கிக்கீது, கேப்பு எங்க, எந்த மடையன் பூட்டினது என்றான். ஒரே நிமிஷம். உன் அம்மா உன் பேரைச் சொல்லிவிட்டாள், இன்ஜினியர் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். நீ இன்ஜினியருன்னா அப்ப நான் ஜென்ரல் மேனேஜரு, எனக்கு ஒரு சல்யூட் அடி என்று அவன் சிரித்த சிரிப்பில் மோர் புரைக்கேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் போகும்போது தோளில் கை வைத்து, உட்றா, புள்ளைங்க அப்படித்தான் என்றான். அவன் பிள்ளைகள் அப்படி இல்லை, அதையும் அவன் சொல்லவில்லை.

நீ அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் மட்டும் பேசினாய். முந்தாநாள் சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து மணிகண்டன் என்று ஒருத்தர் வந்து நின்றார், பொம்மை ரயில் போடுகிறதில் நல்ல பழக்கமாம், ஹேமா மூலமாக நீதான் அனுப்பினாயாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதையான பிள்ளைதான், சார் சார் என்றுதான் கூப்பிட்டார். மதிலோரத்தைப் பார்த்ததும் முகம் சுளித்து, யார் சார் இதைப் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். உன் அம்மா அடுப்படி வாசலிலிருந்து, அத்த எங்க இவரு போட்டாரு என்று ஆரம்பித்தாள், நான் முறைத்த முறைப்பில் அடங்கினாள். அந்தப் பிள்ளை பொறுமையாக எனக்கு விளக்கினார். பித்தளை வெயிலில் நீளும் சார், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டால் நடுவில் பிதுங்கத்தான் செய்யும், ஒரு தீக்குச்சி நுழைகிற அளவு இடம் விடணும் சார் என்று தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து என் கண் முன்னால் பிடித்துக் காட்டினார். அதே தீக்குச்சி. நான் தை மாசம் உன்னிடம் சொன்ன அதே தீக்குச்சி. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தெரியாமப் போட்டுட்டேன் சார் என்றும் சொன்னேன். பரவாயில்ல சார், வயசானவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் சாமான்களோடு வருகிறேன் என்று போய்விட்டார். அவர் கேட் தாண்டினதும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். புள்ளைய காப்பாத்தறேன்னு உன் மானத்த வுட்டுட்டு நிக்கிறியே, அவனுக்கு இது தெரியுமா, தெரிஞ்சா நெஞ்சு நோவுமா என்று அழுதாள். நோகுமாடா, நீதான் சொல்லணும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ இன்ஜினியரிங் படிக்கும்போது மூன்றாம் வருஷம், புட்லூர் தாண்டி நாங்கள் லைனில் வேலை செய்துகொண்டிருந்தோம். வேலை நடக்கிற இடம், அதனால் வண்டி ஊர்ந்துதான் போனது. நீ வாசலில் நின்றிருந்தாய், கூட நாலைந்து பையன்கள். பீட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிக்கொண்டாய். வண்டி வேகமாகப் போயிருந்தால் பார்க்கவில்லை என்று என் மனசைச் சமாதானம் பண்ணியிருப்பேன், அந்த வேகக் கட்டுப்பாட்டைப் போட்டதும் நாங்கள்தான். பிறகு உன் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பக்கத்தில் ரயில்வே என்று மட்டும் போட்டாய், பெண் வீட்டார் எந்த வேலை என்று கேட்டபோது நீ பேச்சை மாற்றினாய், நானும் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் வாயை மூடி மூடித்தான் நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், அதில் என் பங்கும் இருக்கிறது.

மணிகண்டன் திரும்பி வருகிறவரை நான் காத்திருக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரம்பத்தை எடுத்தேன். நீ கை வைக்காதே என்ற பித்தளையை மதிலோரம் நாலு இடத்தில் அறுத்துத் தீக்குச்சி நுழைகிற சந்து விட்டேன், ஸ்க்ரூவைத் தளர்த்தி நீளவும் சுருங்கவும் இடம் கொடுத்தேன். உன் பசையை ஆணியால் சுரண்டி எடுக்கவே மூன்று மணி நேரம் ஆயிற்று, அம்மாவும் உட்கார்ந்து சுரண்டினாள். புது ஜல்லி சலித்து, குட்டிப் பீட்டரால் கட்டை கட்டையாக அடைத்து, நூல் பிடித்துப் பார்த்தேன். சல்லடைக்கு இந்தத் தரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு, நீ கேட்ட அதே இரண்டரைக்கு, ஒரு பெட்டியை வைத்துக் கையால் தள்ளினேன். ஸ்டேஷனிலிருந்து பாலம் வரை சத்தமில்லாமல் போய் நின்றது. லைன் சரியாக இருக்கிறது, எந்த இன்ஜினியர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வண்டி ஓடாது. வேலைக்குக் கொண்டுபோன சிவப்புக் கொடி ஒன்று பரணில் கிடந்தது, அதை எடுத்து வந்து மதிலோரம் தண்டவாளத்துக்கு நடுவில் நட்டிருக்கிறேன். எங்கள் கேங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லைனில் வேலை நடக்கும்போது கொடி நட்டால் நட்டவன்தான் அதைப் பிடுங்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு தரம் நான் நட்ட கொடியை எடுக்கச் சொல்லி ஒரு அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிக் கத்தினார், வண்டி நின்றுகொண்டிருக்கிறது, உன் வேலையை எடுத்துவிடுவேன் என்றார். ரெண்டு போல்ட் பாக்கி கீது சார், முடுக்கிட்டு எடுக்கறேன் என்றேன். முடுக்கிவிட்டுத்தான் எடுத்தேன். என் முப்பத்துநான்கு வருஷத்தில் என் கையெட்டின லைனில் ஒரு வண்டி கவிழ்ந்ததில்லை. முதல் தடவையாகக் கவிழ்ந்தது என் வீட்டுக் கொல்லையில், நீ போட்ட லைனில், பழி மட்டும் என் மேல். அம்மா மிளகாய் காயவைக்க இடைஞ்சலாக இருக்கிறது, அந்தக் கொடியைத்தான் கொஞ்சம் தள்ளி வையேன் என்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன். மணிகண்டனையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

இந்தத் தடவை பாக்கி இருக்கிறது ஒரே ஒரு போல்ட், அது உன்னிடம் இருக்கிறது. அந்த ஒன்பது பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடு. எங்கள் இரண்டரைக்கே வைத்துக்கொள், வெயில் அடிக்கட்டும், இப்போது பயமில்லை. என் அப்பா இன்ஜினியர் இல்லை, கேங்மேன் என்று அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லு. அன்றைக்கு வண்டி கவிழ்ந்தது நான் போட்ட லைனில் என்றும் சொல்லு, அதைச் சொல்ல முடியாவிட்டால் போகட்டும், முதலில் சொன்னதையாவது சொல்லு. கேங்மேன் என்றால் என்ன என்று அந்த நரைத்த தலை அம்மாள் கேட்டால் என்னைக் கைகாட்டு, நான் குட்டிப் பீட்டரை எடுத்துக் காட்டுகிறேன். இப்போது அந்த வேலைக்கு வேறு என்னவோ பெரிய பேர் வைத்திருக்கிறார்களாம், எனக்கு அதெல்லாம் வேண்டாம். குழந்தை தேவதர்ஷினியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லு, அவளுக்கும் தெரியட்டும். நீ சொல்லி முடித்ததும் என் கையால் கொடியைப் பிடுங்கி வண்டியை விடுகிறேன். சொல்ல வரவில்லையா, பரவாயில்லை, கொடி நிற்கட்டும், இன்ஜினை எண்ணெய்த் துணியில் சுற்றி உன் பழைய பெட்டியில் வைத்திருக்கிறேன், அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு போ.

குளிர் தேசம் என்று வெயில் காலத்திலும் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே சூட்டு உடம்பு. கல்பனாவைக் கேட்டதாகச் சொல்லு. ஆவணியில் குழந்தையின் பிறந்தநாளுக்குத் திருத்தணியில் அர்ச்சனைக்குச் சொல்லிவிடுகிறேன், நட்சத்திரத்தை அம்மாவிடம் ஒரு தரம் சரிபார்த்துச் சொல். கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக வேறு எதுவும் நினைக்காதே, நீ நூறு வருஷம் பெண்டாட்டி பிள்ளையோடு நன்றாக இருக்க வேண்டும், எந்தக் கோபத்திலும் என் வாயில் அதுதான் வரும். முதலில் ஒரு வரியைக் காலியாக விட்டேனே, அதை ஞாபகம் வைத்துக்கொள். நீ அந்த வார்த்தையைச் சொல்கிற அன்றைக்கு, அப்பாவும் சுகம் என்று அந்த இடத்தில் நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு உன் அப்பா,
மு. சடையப்பன்,
கேங்மேன் (ஓய்வு).